எலும்பு முறியாத கை

நல்ல கையில் கட்டு மாட்டியவன் நான்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் நீ போனில் அனுப்பிய குரல் பதிவில் "ஒரு பொய்யைக்கூட உனக்கு ஒழுங்கா சொல்ல வராதாப்பா" என்று கேட்டிருந்தாய். வராது. அன்றைக்குப் பட்டாபிராமிலிருந்து சம்பந்தியம்மா, அதுதான் உன் தங்கை திவ்யாவுக்கு மாமியாராக வரப்போகிறவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து காலிங் பெல்லை அடித்தார். உன் அம்மா, கழுத்திலிருந்து கையைத் தொங்கவிடும் அந்த நீலப் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பாய்ந்து போய் அதை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டேன். அவளும் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி ஒரு கையை நீட்டினாள். எந்தக் கை என்று நான் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா வந்து உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "போன வாட்டி வலது கையில இல்ல கட்டிகினு இருந்தீங்க?" நான் ஆயுசில் பாதியைப் பஸ்ஸில் கண்டக்டராகக் கழித்தவன். மீசை அரும்பின பையனுக்கு அரை டிக்கெட் கேட்கும் ஆட்களையெல்லாம் ஒரு பார்வையில் பிடித்தவன். எனக்கு வந்த பதில் இதுதான்: "வலி இந்தக் கைக்கு மாறிடுச்சுங்க சம்பந்தி."

சிரித்துக்கொள். திவ்யா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்து முடித்துவிட்டு மீதியைப் படி, ஏனென்றால் மீதியில் சிரிக்க அதிகம் இல்லை. நசரத்பேட்டையில் இருக்கும் உன் ஃபிளாட்டுக்கும் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரு பஸ் மாறினால் போதும். அந்தத் தூரத்துக்கு ஒரு கடிதமா என்று நீ நினைக்கலாம். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ கட் பண்ணுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் படும். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டியவன் எழுதுகிற தமிழ் இது, பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள். கோபத்தை மட்டும் திருத்தாதே. அதை அப்படியே படி.

நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ எப்போதும் சம்பந்தியம்மா பெல் அடித்ததிலிருந்து கதையை ஆரம்பிக்கிறாய். நான் ஆபரேஷனுக்கு முந்தின நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு வலது மார்பில் புற்றுநோய், மார்பையும் அக்குளில் இருக்கும் நெறிகட்டிகளையும் எடுக்கவேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லி முடித்திருந்தார். அதற்குப் பிறகு மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். உன் வயதுதான் இருக்கும், காலில் ரப்பர் செருப்பு. அம்மா தூங்கின பிறகு ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமாக ஒரு ஊசி போடப்போவதாகச் சொன்னார். மார்புக்கும் அக்குளுக்கும் போகிற நரம்புகள் அந்த மருந்தில் மரத்துப்போகும். அதனால் கண் விழிக்கும்போது வலி அதிகம் தெரியாது, காட்டமான வலி மருந்துகளைக் குறைத்துக்கொள்ளலாம், வாந்தியும் குறையும். மறுநாள் வரைக்கும் ஓரளவு தாங்கும். நான் உடனே, "புரியுதும்மா, ஒரு ரூமுக்கு மட்டும் ஃபியூஸைப் புடுங்கிட்டு வேலை பாக்குற மாதிரி" என்றேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "முதுகுல ஊசி போட்டா காலத்துக்கும் முதுகு வலி நிக்காதுன்னு சொல்றாங்களே" என்றாய். இது வேறு ஊசி, விலா எலும்புப் பக்கத்தில் போடுவது, தண்டுவடத்துக்குள் போவதில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். எந்த ஊசியிலும் கொஞ்சம் ஆபத்து இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன் என்று அதையும் சொன்னார். நீ போனில் எதையோ தேடினாய், இன்னொரு கேள்வி கேட்டாய், மறுபடி தேடினாய். கட்டிலில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவை ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் அவளே, "போடுங்கம்மா. ஊசி எனக்குத்தானே, இவனுக்கு இல்லியே" என்றாள்.

அப்போது அந்த டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பி ஒன்று சொன்னார். அதை நீயும் கேட்டாய். "வலி இல்லாம வைக்கிறது நீங்க படுத்துக்கறதுக்கு இல்லம்மா, எழுந்திரிக்கறதுக்கு. மூச்சை நல்லா இழுத்து விடணும், நடக்கணும், கையை ஆட்டணும். மரப்பு எறங்குறதுக்கு முன்னாடியே மாத்திரைய ஆரம்பிச்சிடுங்க. வலி வந்தப்புறம் அதைத் துரத்தாதீங்க." நான் தலையாட்டினேன். நீயும் தலையாட்டினாய். நம் குடும்பத்தில் தலையாட்டுவதற்கு மட்டும் எப்போதும் பஞ்சம் இல்லை.

அந்த ஊசி வேலை செய்ததா இல்லையா, நீயே சொல். கண் விழித்ததும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இன்னா, ஆபரேசன் இன்னிக்கு இல்லன்ட்டாங்களா?" முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னபோது அவள் நம்பவில்லை. சாயங்காலம் இட்லி கேட்டாள். கைப் பயிற்சி சொல்லித் தருகிற பிசியோ பெண் வந்து, இன்றைக்கே விரலை மடக்கலாம், முழங்கையை நீட்டலாம், தலை சீவிக்கலாம், ரத்தநீர் வடிகிற குழாயை எடுக்கிறவரைக்கும் தோளுக்கு மேலே மட்டும் தூக்கவேண்டாம், குழாயை எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றவேண்டும் என்றாள். அவள் போனதும் உன் அம்மா சீப்பைக் கேட்டாள். வலது கையால் மெதுவாக, தலையைச் சாய்த்துக்கொண்டு, முன் முடியைச் சீவினாள். ஆபரேஷன் ஆன அன்றைக்கே. அந்த நேரம் பார்த்து நீ உள்ளே வந்தாய். "அம்மா, கைய எறக்கு. தையல் பிரிஞ்சிடும்." சீப்பை அவள் கையிலிருந்து நீயே வாங்கினாய். வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாய்.

அது பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நானும் அதே ஜாதிதான். உனக்கு எஸ்டேட் ரோட்டில் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, நீ நன்றாக ஓட்ட ஆரம்பித்த பிறகும் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். நீ அழுதாய், ஓட்டவிட மாட்டேங்கிறார் என்று. உன் அம்மாதான் வந்து என் முழங்கையில் ஒன்று வைத்தாள். "உட்றியா இல்லியா? நீ புட்ச்சிகினே இருந்தா அவன் எப்ப ஓட்டுவான்?" விட்டேன். நீ போய்க் குப்பைத்தொட்டியில் மோதினாய், முட்டியில் ரத்தம். அவள் சிராய்ப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடியும் உன்னை ஏற்றி உட்கார வைத்தாள். அப்படி உன்னை ஓட்டவிட்டவளிடமிருந்துதான் நீ ஒரு சீப்பைப் பிடுங்கினாய்.

ஆனால் சீப்புக்காக மட்டும் நான் இவ்வளவு எழுதவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு நீ ஒரு திட்டம் சொன்னாய், அதற்காக எழுதுகிறேன். "மார்புல கேன்சர்னு வெளிய தெரிஞ்சா அவ்ளோதான்ப்பா. பரம்பரையா வரும், பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க. திவ்யா கல்யாணம் நின்னுடும். பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கையில எலும்பு முறிஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எந்த பாத்ரூம்னு கேட்டா?" என்று கேட்டேன். அதுதான் என் கவலையாக இருந்தது. வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணினோம். எதிரே இருந்த மெடிக்கல் ஷாப்பில் அந்த நீலப் பட்டியை வாங்கிவந்தவனும் நான்தான். அளவு சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே என் கையை மாட்டிப் பார்த்தேன். கடைக்காரர், "அடி பலமா சார்?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். நம் பொய்யை முதன்முதலாகக் கேட்ட மனிதர் அவர்.

உன் அம்மாவிடம் நீ சொன்னபோது அவள் உன் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "எனக்கு இன்னா வந்திருக்குன்னு நான் சொல்லக்கூடாதா?" என்றாள். "திவ்யாவுக்காகம்மா" என்றாய். அந்த வார்த்தைக்கு எதிராக எந்த அம்மா வாயைத் திறப்பாள்? உனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாய். இந்த இடத்தில்தான் எனக்கு உன்மேல் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ ஞாயிற்றுக்கிழமை வந்து ஆப்பிளை வைத்துவிட்டுப் போனாய். எலும்பு முறிவு என்று கேள்விப்பட்டதும் தெருவே வந்தது. ஒவ்வொருத்தரும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு யோசனை. ஏன் புத்தூர் கட்டு போடவில்லை, மாவுக்கட்டு இல்லாமல் வெறும் பட்டியா, எந்த டாக்டர் அவர். பட்டாபிராமிலிருந்து சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரர், பாவம், அவர் கறிக்கடையில் காத்திருந்து ஆட்டுக்கால் வாங்கிக்கொண்டு ரயில் ஏறி வந்து கொடுத்தார், எலும்பு சீக்கிரம் கூடும் என்று. முறியாத எலும்புக்கு உன் அம்மா மிளகு போட்ட சூப்பாகக் குடித்துத் தள்ளினாள். சிரிப்பாகத்தான் இருந்தது முதலில். ஆனால் யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது, அதனால் அந்தப் பட்டியைக் கழற்ற முடியாது. காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்வாள், படுக்கும்போதுதான் கழற்றுவாள். சேலைத் தலைப்புக்குள்ளே, ரத்தநீர் வடிகிற குழாயும் பையும். வெளியே, அடிபடாத கைக்கு நீலப் பட்டி. எந்தக் கையை ஆட்டு ஆட்டு என்று அவ்வளவு பேரும் படித்துப் படித்துச் சொன்னார்களோ அந்தக் கையை மடக்கி நெஞ்சோடு கட்டி வைத்தோம். ஊருக்குச் சொன்ன பொய்யை அந்தக் கை உண்மையாக்கிக்கொண்டிருந்தது. அது நமக்குத் தெரியவில்லை.

ஊசியின் மரப்பு இறங்கினதும் வலி வந்தது. வரும் என்றுதான் அந்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள், நேரத்துக்குப் போடச் சொல்லி. நீ வந்து பார்த்து, "வலி மாத்திரையெல்லாம் கிட்னிக்கு ஆகாதும்மா, தாங்க முடியலன்னா மட்டும் போடு" என்று சொல்லிவிட்டு அந்த அட்டையை எங்கே வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? அலமாரியின் மேல் தட்டில். கையைத் தூக்க முடியாத ஒருத்தியின் வலி மாத்திரையை, கையைத் தூக்கினால்தான் எடுக்க முடியும் என்கிற இடத்தில் வைத்தாய். இடது கையால் எக்கினாலும் தையல் இழுக்கும். கேட்டால் எடுத்துக் கொடுக்க நான் இருந்தேன்தான். அவள் கேட்கவில்லை. கேட்டால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம் ஆகிவிடும், நீ அப்படிச் சொல்லி வைத்திருந்தாய். மாத்திரையைப் பற்றிச் சந்தேகம் என்றால் கொடுத்த டாக்டரையே கேட்டிருக்கலாம், ஒரு போன் தூரம்தான். வலித்ததால் அவள் கையை அசைக்கவில்லை, அசைக்காததால் கை இறுகியது, இறுகினதால் அசைத்தால் இன்னும் வலித்தது. பிசியோ பெண் போனில் கூப்பிட்டுக் கேட்டபோதெல்லாம் நான், "நல்லா பண்றாங்கம்மா" என்றேன்.

குழாயை எடுத்தார்கள், காயம் ஆறியது, பரிசோதனை முடிவும் வந்தது. கீமோ வேண்டாம், மாத்திரையும் கதிர்வீச்சும் போதும் என்றார்கள். நம் ஜனங்கள் கரண்ட் வைக்கிறது என்பார்களே, அதுதான். பெரிய கண்டத்தைத் தாண்டினோம் என்று உனக்குப் போன் பண்ணி அழுதேன். கரண்ட் வைப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேன், எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று குறிக்க. நீ ஆபீஸ் மீட்டிங் என்றாய், நானும் அம்மாவும் போனோம். அங்கே படுத்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரண்ட் வைக்கிற ஒவ்வொரு நாளும் அதே மாதிரி அசையாமல் படுக்கவேண்டும், கை கீழே இருந்தால் வைக்கவேண்டிய இடத்தை மறைக்கும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்று ஒரு பையன் குரல் கேட்டது. பிறகு உன் அம்மா குரல் ஒன்று கேட்டது. இரண்டு பிரசவத்திலும் நான் கேட்காத குரல்.

கை தோளுக்கு மேலே கொஞ்சம்தான் போயிற்று. டாக்டர் வெளியே வந்து என்னிடம், "ஏன் இவ்ளோ இறுகிப்போச்சு? எக்சர்சைஸ் சொல்லித் தரலையா?" என்றார். கை மேலே வராமல் ஆரம்பிக்க முடியாது, ரொம்ப நாள் தள்ளிப் போடுவதும் நல்லதில்லை, இரண்டு வாரம் பயிற்சி செய்து கூட்டிக்கொண்டு வாருங்கள், வலிக்கு மாத்திரை போட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள் என்றார். அவர் போன பிறகு உன் அம்மா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜாக்கெட் ஊக்கைச் சரியாகப் போடாமல் வந்திருந்தாள். "எலும்பு முறிஞ்ச கையாச்சே, எப்பிடிய்யா ஏறும்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆட்டோ பிடித்து அம்பத்தூர் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து பட்டியைக் கழற்றி எறிந்தாள். பெல் அடித்தது. மேலே எழுதினேனே, அந்த பெல். நான் இடது கையில் மாட்டிவிட்டேன். அவள் தெரிந்தேதான் இடது கையை நீட்டினாள், பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள். வலி கை மாறிவிட்டது என்று நான் உளறினதும், அவள் பட்டியைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "சம்பந்தி, எனக்குக் கையில ஒண்ணும் இல்ல. மார்ல கேன்சரு. எடுத்துட்டாங்க. கரண்டு வைக்கக் கை மேல ஏறல, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேனு" என்றாள். நான் அன்றைக்குத்தான் அந்த வார்த்தையை நம் வீட்டுக்குள் முதல் முறை சத்தமாகக் கேட்டேன். சம்பந்தியம்மா அவள் மடியில் இருந்த பட்டியைப் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. "நோவு யாருக்கு வராது, சொல்லுங்க. எங்கூட்டுக்காரர் ஆட்டுக்கால வாங்கிகினு ரயில்ல வந்தாரே, அந்த மனுசன் மூஞ்சப் பாத்துச் சிரிச்சிகினே வாங்கி வச்சீங்களே. நாளைக்கு உங்க பொண்ணு எங்கூட்ல வந்து இன்னா சொன்னாலும் நான் எப்பிடி நம்புவேன்?" காபியைத் தொடாமல் எழுந்து போனார். தெருமுனை வரைக்கும் நான் பின்னாலேயே போனேன். அவர் திரும்பவில்லை.

நடந்ததை உனக்குப் போனில் சொன்னேன், அன்றைக்கே உன் குரல் பதிவு வந்தது. "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. தங்கச்சி வாழ்க்கைய நாசம் பண்ணிட்டீங்க. இனிமே உங்க இஷ்டம்." அதற்குப் பிறகு நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. திவ்யாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவள் என்ன சொன்னாள் என்று எழுதுகிறேன், அவளுக்காகத்தான் எல்லாம் என்று நீ சொல்கிறபடியால். "அம்மா கையக் கட்டிப் போட்டாத்தான் எனக்குக் கல்யாணம் ஆகும்னா அது எனக்கு வேணாம்ப்பா. என்னை யாராச்சும் கேட்டீங்களா?" இல்லை. அம்மாவைக் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. நீயும் நானும் ஒரு டீயைக் குடித்துவிட்டு இரண்டு பெண்களின் உடம்பையும் கல்யாணத்தையும் முடிவு பண்ணினோம். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும். உன் பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால்கூட, மாத்திரை எடுக்கப் போவதற்கு முன்னால் என்ன செய்யட்டும் என்று அவளைக் கேள். அப்பன் என்கிற முறையில் எனக்குச் சொல்லத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். இதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

அந்த இரண்டு வாரம் நம் வீடு டிரில் மைதானம் ஆகிவிட்டது. மாத்திரை மேல் தட்டிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தது. துணி காயப்போடுகிற கயிற்றைக் கதவுக்கு மேலே போட்டு இழுக்கிற மாதிரி கட்டிக்கொடுத்தேன், பிசியோ பெண் சொன்னபடி. ஹாலில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறதே, அந்தச் சுவரில் விரலால் எறும்பு மாதிரி ஏறவேண்டும். என் பழைய விசிலைத் தேடி எடுத்து வந்தேன். இரண்டு விசில் அடித்தால் ஏறவேண்டும், ஒரு விசில் அடித்தால் நிற்கவேண்டும். முதல் நாள் இரண்டு விசில் அடித்ததும் அவள் திரும்பி, "யோவ், இன்னொரு வாட்டி அத்த ஊதுன, முழுங்க வச்சிடுவேன்" என்றாள். விசில் திரும்பப் பெட்டிக்குள் போயிற்று. ஆனால் வாயால், "போலாம் ரைட்" என்பேன், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. வலிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஜன்னல் திறந்திருக்கும், தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றாள். எதிர்வீட்டு அம்மா வந்து, "கை இன்னும் கூடலியா?" என்று கேட்டதற்கு விவரமாகவே சொன்னாள். அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தனக்கும் ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றார். உன் அம்மாவே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு வெறும் நீர்க்கட்டி என்று வந்தது, சந்தோஷம். நாம் ஊருக்குச் சொன்ன பொய் அப்படியே நின்றிருந்தால் அந்த அம்மா இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஒரு நாள் காலையில் நான் பால் வாங்கி வந்து பார்த்தால் காலண்டரில் நாளைய தேதி இருக்கிறது. "இன்னா, நாளைக்கி தேதி காட்டுது?" என்றேன். "கை எட்டிச்சு. எட்டின ஜோர்ல ரெண்டு தாளா கிழிச்சிட்டேன்" என்றாள். அன்றைக்கு முழுவதும் நம் வீடு மட்டும் ஒரு நாள் முன்னால் ஓடியது.

நேற்று மறுபடி ஸ்கேனுக்குப் போனோம். உனக்குச் செய்தி அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நான் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை உள்ளேயிருந்து, "சூப்பர்மா, அப்டியே இருங்க" என்று கேட்டது. அவள் வெளியே வந்து, வலது கையை நீட்டி என் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து என் சட்டைப் பையில் குத்தினாள். வேலையை விட்ட பிறகும் பேனாவைக் காதில் வைக்கிறேன் என்று வெகு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் கரண்ட் ஆரம்பம். இறங்கி வரும்போது பட்டாபிராமிலிருந்து போன். சம்பந்தியம்மா. "கை ஏறிச்சா?" என்று கேட்டார். ஏறிவிட்டது என்றேன். "செரி" என்று வைத்துவிட்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடக்குமா தெரியாது. ஆனால் நேற்று ஸ்கேன் என்பதை ஞாபகம் வைத்திருந்து, கை ஏறியதா என்று கேட்ட ஆள் அவர். நீ இல்லை. உன்னை நோகடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

திரும்பும்போது நான் ஆட்டோவைக் கைகாட்டினேன். அவள் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றாள். கூட்டம், உட்கார இடம் இல்லை. நான் அவளுக்கு முன்னால் அணை மாதிரி நின்றுகொண்டேன், யாரும் அந்தப் பக்கம் இடித்துவிடக் கூடாது என்று. ஒரு காலேஜ் பெண் எழுந்து, "உக்காருங்க ஆண்ட்டி" என்றது. "பரவால்லம்மா, நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு உன் அம்மா வலது கையைத் தூக்கி மேல் கம்பியைப் பிடித்தாள். ஜாக்கெட் கை விலகி, அக்குள் பக்கத்துத் தழும்பின் நுனி தெரிந்தது. அவள் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் கையை இறக்கியிருக்க மாட்டாள். டிரைவர் வளைவில் பிரேக் போட்டார், அவள் ஆடினாள், கம்பியை விடவில்லை. கண்டக்டர் பையன் டிக்கெட் கேட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான்.

இவ்வளவையும் உன்மேல் கோபப்பட்டு எழுதினவன், அந்த வளைவில் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கை தானாக நீண்டு அவள் முழங்கை வரைக்கும் போய்விட்டது. திருப்பி இழுத்துக்கொண்டேன். "கைய எறக்கும்மா, வலிக்கப்போவுது" என்று வாய்வரைக்கும் வந்தது. அம்பத்தூர் வரைக்கும் அதை வாயிலேயே வைத்திருந்தேன்.